சங்க வகுப்பில் பேசக் கற்றுக்கொண்டது

அம்பத்தூருக்கு மணமாகி வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, “இன்னாம்மா, ஊட்லதான் கீறியா?” என்றாள். நான் எதையும் கீறவில்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். ‘இருக்கிறாயா’ என்றுதான் கேட்டிருக்கிறாள். நம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: இக்கரையிலும் தமிழ்தான், ஆனால் அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

அது எழுபதுகளின் தொடக்கம். கொழும்பில் படித்த ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஆலையில் கை நசுங்கியவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது முதல் எல்லாவற்றையும் திரும்பப் பழக்க வேண்டும். உடன் வேலை பார்த்த ரோசலி, கனத்த நோயாளி ஒருவரைத் தனியாகத் தூக்கப்போய் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதுகு சரியில்லாதவள் இனி வேண்டாம் என்றார் கண்காணிப்பாளர். எங்கள் பிரிவில் தொழிற்சங்கப் பிரதிநிதியாகி இதைக் கேட்க யாரும் துணியவில்லை. விவரம் அறியாத என்னை நிறுத்திவிட்டார்கள்.

பிரதிநிதிகளுக்கான பயிற்சி வகுப்பு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு கொட்டகையில் நடந்தது. நடத்தியவர் பெருமாள் என்ற லேத் தொழிலாளி.

“அதிகாரியாண்ட போயி கெஞ்சிகினு நிக்காதீங்க. நல்லா பேசுங்க. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க பேசிடணும்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவதென்றால் ஏசுவதல்லவா? இந்தியாவில் இதற்கும் வகுப்பு வைக்கிறார்களே என்று வியந்தேன். ரோசலியை நினைத்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்ததும் பேசினேன்.

“உமக்குக் கண் தெரியேல்லையோ? ஒரு பெட்டை தனியத் தூக்கி முதுகு முறிஞ்சு கிடக்கிறாள். நீர் கதிரையில சாய்ஞ்சுகொண்டு அவளை வேலையால நிப்பாட்டுறீரோ? வெக்கமில்லையோ?”

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “எனக்கு மலையாளம் அவ்வளவா வராதும்மா. கொஞ்சம் தமிழ்ல சொல்றீங்களா?”

இரண்டாம் முறை அந்தக் கோபம் வர மறுத்தது. நிதானமாகவே சொன்னேன். முதுகு ஆறும்வரை ரோசலிக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும். நோயாளியைத் தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

அவர் பேனாவைத் திறந்து இரண்டையும் குறித்துக்கொண்டு, “நியாயம்தான். மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே” என்றார். இரண்டும் கிடைத்தன.

நடந்ததைக் கேட்ட பெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “திட்டிட்டு வந்தியா? நான் எப்பம்மா திட்டச் சொன்னேன்?”

“நீங்கள்தானே பேசச் சொன்னீங்கள்?”

“சிரிக்க வைக்காதீங்கக்கா, முதுகு வலிக்குது” என்று ரோசலி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சில வருடங்கள் கழித்து ஊருக்கு வந்தபோது, தலைமன்னாரில் பெட்டி தூக்க வந்தவரிடம், “இப்ப வாணாம் நைனா, அப்பாலிக்கா பாத்துக்கலாம்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அம்மா இந்தியாவோ?” என்றார்.

திரும்பும் கப்பலில் அலை பலம். நடுக்கடலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். அங்கே மட்டும் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை.