காலி என்று சொன்ன சிலிண்டர்

என் மனைவி முதல்முறை அடுப்பைப் பற்றவைக்க மறந்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். குமிழைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடிப் போனவள், தேடுவதை மறந்து கொல்லையில் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். கேஸ் வாடை கூடம் வரை வந்துவிட்டது. ஜன்னல்கள் நான்கையும் திறந்தேன். மின்விசிறி ஸ்விட்சைத் தொடக்கூடாது என்பது நல்லவேளையாக நினைவிருந்தது. அடுத்த ஒரு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தது. மறதி நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான்காவது முறைக்குக் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கிய வெள்ளை மூடியைச் சிலிண்டரின் வாயில் அழுத்திப் பொருத்தினேன். பிறகு ரெகுலேட்டரை ரப்பர் குழாயிலிருந்து உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"கேஸ் தீந்துபோச்சு. புக் பண்ணியிருக்கேன்" என்றேன் அவளிடம்.

மூன்று வேளையும் மெஸ்ஸிலிருந்து தூக்கில் சாப்பாடு வந்தது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க வராது. ஒரு நாளில் பதினோரு முறை கேட்டாள்.

"ஏங்க, சிலிண்டர் வந்துச்சா?"

"வரும்."

"நாடு பூரா அளந்தீங்க, ஒரு சிலிண்டர வரவழைக்கத் தெரியலையே!"

எங்கள் தெருவின் வழக்கத்தை நான் மறந்திருந்தேன். சீர்காழியில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில் ஒரு வீட்டில் கேஸ் தீர்ந்தால், பக்கத்து வீட்டு உபரி சிலிண்டர் கேட்காமலே வந்துவிடும். காலியானது அந்த வீட்டுக்குப் போகும். பத்தொன்பதாம் நாள் காலை, பக்கத்து வீட்டு மளிகைக்கடை பாய் முழு சிலிண்டர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"அம்மா எங்க வீட்ல வந்து அழுவுறாங்க சார். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

நான் தடுப்பதற்குள், எங்கள் காலி சிலிண்டரை ஒரு கையால் தூக்கப்போனார். அது எளிதில் எழும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பாதிக்கு மேல இருக்கு போலருக்கே?"

மனைவி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குத் தெளிவு இருந்தது. இல்லாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நான் வீட்டக் கொளுத்திடுவேன்னு பயந்துட்டீங்களா?"

பாய் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அலமாரியைத் திறந்து ரெகுலேட்டரை எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்து, சாமி விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். குழாயை வளைத்து வெடிப்பில்லை என்று பார்த்து, ரெகுலேட்டரின் மூக்கில் முழுவதும் ஏற்றிக் கிளிப்பை முடுக்கினேன். மூடியை எடுத்ததும் எங்கள் சிலிண்டர் வாயில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ரெகுலேட்டரை வைத்து அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. திறந்துவிட்டு இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி அறுபது வரை எண்ணினேன். குமிழி வரவில்லை. இவ்வளவும் செய்து முடிக்கும்வரை அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அடுப்பைப் பற்றவைத்து விலகி நின்றேன். "பாய்க்குக் காப்பி போடு" என்றேன்.

நீலமாக எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பாத்திரம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இப்ப என்னங்க பண்ணணும்?" என்றாள் மெதுவாக.

பாய், "கடையில ஆளில்ல சார், இன்னொரு நாள் குடிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். தன் சிலிண்டரை எடுத்துப்போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் சமைக்கவில்லை. நோயின் போக்கே அதுதான், அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். இருக்கலாம். பத்தொன்பது நாள் என்பது ஐம்பத்தேழு வேளை. குமிழை நான் திருப்பி, நானே பற்றவைத்து, அவளைக் கிளறச் சொல்லிப் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஐம்பத்தேழு வேளையில் ஒரு வேளைகூட அது எனக்குத் தோன்றவில்லை.