ஈப்போவைவிடச் சிறிய நாடு

எண்பதுகளில், மலேசியாவில் ஒரு தேர்தல் நாள் காலை. தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் ஒரு தோட்டத் தொழிலாளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால் கறை ஏறிய விரல்களால் அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் பூகோள வாத்தியார். கோப்பெங்கில் இறங்கி ஓட்டுப் போட வேண்டும். மறுநாள் பாடத்துக்கான புத்தகம், ஒரு தீவின் படம் இருந்த பக்கத்தில், மடியில் விரிந்திருந்தது.

"இது எந்த ஊரு தம்பி?"

"ஐஸ்லாந்துண்ணே. வடக்க, கடல் நடுவுல ஒரு தீவு. பனியும் எரிமலையுமா கெடக்கும்."

"மரம் இருக்கா?"

"அதிகம் இல்ல."

"அப்ப பால் வெட்ட ஆள் வேணாம் லா," என்று சிரித்தார். "ராஜா யாரு?"

"ராஜா கெடையாது. ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தலைவரத் தேர்ந்தெடுக்கறாங்க. இப்ப ஒரு பொம்பளதான் தலைவர். மொத்த ஜனமே நம்ம ஈப்போ அளவு இல்ல."

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்தார். சிவப்பு ஐசி, அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருவது. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது.

"இங்க தோட்டத்துலதான் பொறந்தேன். அப்பா குடியுரிமைப் பத்திரம் எடுக்காம விட்டுட்டாரு." மறுபடி படத்தைப் பார்த்தார். "அவ்வளவு கொஞ்சம் பேருன்னா, அங்க ஒரு ஆளக்கூட விட்டிருக்க மாட்டாங்க லா."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. என் பையில் இருந்த, குடிமக்களுக்கான நீல ஐசியைக் கையால் மூடிக்கொண்டேன். அதைப் பெற நான் எதுவும் செய்ததில்லை. என் அப்பா பத்திரம் எடுத்திருந்தார், அவ்வளவுதான்.

கோப்பெங் வந்தது. "வாரேண்ணே," என்று மட்டும் சொன்னேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"வெரசா போங்க தம்பி, வரிசை நீளமா இருக்கும்," என்று காலை மடக்கி வழிவிட்டார்.