எலும்பு இல்லாத சாவு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வேலைநாள் காலையில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு அந்தச் செய்தி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறத் தம்பி ஏறிவந்த வள்ளம், கடல் நீரேரியின் நடுவில் துப்பாக்கிச் சூடுபட்டுக் கவிழ்ந்துவிட்டது. அவன் தண்ணீருக்குள் தாழ்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாக, நீந்திக் கரைசேர்ந்த ஒருவர் கொழும்பிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை.

நான் ஷிப்டுக்குப் போனேன். எனக்குச் சாமியிலும் சடங்கிலும் நம்பிக்கை இல்லை. சாவு விழுந்தால் துடக்கு, கோயிலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் கட்டிவிட்ட கதை என்று வாய் காட்டித் திரிந்தவன் நான். அழுகை மட்டும் அடங்கவில்லை. பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி ஒழுகும் என் மூக்கைப் பார்த்துத் தடிமனுக்கு மருந்து சொன்னாள்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டும். தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் முடித்து இத்தாலியில், பலெர்மோ நகரில் இருந்தாள். வீட்டில் போன் இல்லை. தெருமுனைக் கடைக்கு எடுத்தால், சாமான் வாங்க வந்த சனத்துக்கு நடுவில் நின்றுதான் கேட்பாள். லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

விமான நிலையத்திலிருந்து அத்தான் கூட்டிப்போன பழைய நகரில், எந்தெந்த அரசர்களோ கட்டிய கோபுரங்களும் பாதி இடிந்த வீடுகளும் அருகருகே நின்றன. ஓர் இடிபாட்டுக்குள் அத்திமரம் முளைத்து மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"இது எப்ப விழுந்த குண்டு, அத்தான்?"

"ரெண்டாம் உலகப் போரிலை விழுந்ததாம். இடிஞ்சதை இன்னும் அள்ளேல்லை."

லண்டனில் ஒரு ஜன்னல் உடைந்தாலே கவுன்சில்காரன் வந்து பலகை அடிப்பான். எனக்கு எரிச்சல் வந்தது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், குண்டு விழுந்த ஊராகப் பார்த்து வாடகைக்குக் குடியேறியிருந்தோம். அக்காவின் வீடு ஒரு காலத்தில் பிரபு ஒருவரின் மாளிகையாம். உட்கூரையில் தீட்டிய தேவதூதர்கள் இன்னும் கொழுகொழுவென்று பறந்தார்கள். கீழே சுவர் சரியாமல் மரக்குற்றிகளால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். மூத்திர நாற்றம் மூன்றாம் மாடிவரை கூடவே வந்தது.

கதவு திறந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன். அக்கா முந்திவிட்டாள்.

"நல்ல நேரத்திலை வந்தாய். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போறன். தம்பி சுகமாய் வந்து சேரவேணுமெண்டு நேர்த்தி. வெறுங்காலோடை ஏறவேணும்."

அந்த மலைக்குகையில் இருப்பவள் கத்தோலிக்கப் புனிதை. அந்த ஊர்த் தமிழர்கள், சைவர்களும்கூட, அவளை அம்மாள் என்றே கும்பிட்டார்கள். செய்தியைச் சொன்னால் அக்காவுக்குத் துடக்கு. எந்தச் சன்னிதியையும் மிதிக்கமாட்டாள். வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறகு படியில் வைத்து அத்தானிடம் மட்டும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயிறு கழியட்டும்," என்றார்.

அக்காவுக்கு முகம் கொடுக்க முடியாமல் சனிக்கிழமை இருவரும் வெளியே சுற்றினோம். சுற்றுலாக்காரர்கள் பின்னால் போய், ஒரு துறவிமடத்து நிலவறைக்குள் இறங்கினோம். சுவர் முழுக்கப் பிணங்கள். பட்டுச்சட்டையோடும் தொப்பியோடும், சிலவற்றின் கழுத்தில் பெயர் எழுதிய அட்டையோடும், பழைய கோட்டுகளைப் போல வரிசையாக மாட்டியிருந்தார்கள். தொட்டில் குழந்தைகளும் இருந்தன. எனக்கு வந்தது பயம் அல்ல, ஆத்திரம். செத்தவர்களை இப்படிப் பொத்திப்பொத்தி வைத்திருக்கும் ஊருக்கு, ஒரு பல்கூட மிஞ்சாத சாவை நான் கொண்டுவந்திருந்தேன்.

ஞாயிறு காலை மலை ஏறினோம். அக்கா முன்னால், நானும் அத்தானும் பின்னால். குகை வாசலுக்குக் கீழே படியில் உட்கார்ந்து பாதத்தில் குத்திய கல்லைப் பிடுங்கினாள். இரத்தம் வந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"லண்டனிலை இருக்கிறவன் லீவு போட்டுக்கொண்டு சும்மா வரமாட்டான். சொல்லு."

சொன்னேன். அவள் அழவில்லை.

"எலும்பு எடுத்தவையோ?"

"இல்லை, அக்கா."

"இந்த அம்மாளின்ரை எலும்பையும் கனநூறு வருஷம் ஒருத்தரும் காணேல்லையாம். பிறகுதானாம் இந்தக் குகையிலை கண்டெடுத்தது. நீ அவன்ரை எலும்பைக் கொண்டுவந்து காட்டு, நான் துடக்குக் காக்கிறன்." எழுந்து சேலையை உதறினாள். "அவன் செத்திட்டானெண்டு நம்பினால் நீ வெளியிலை நில்லு. இல்லாட்டி என்னோடை உள்ளுக்கு வா."

அவள் போனாள். எல்லாம் தெரிந்த அத்தானும் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் போய்விட்டார். எனக்கென்ன, துடக்கா, நம்பிக்கையா? நாலு படி ஏறி அவள் பக்கத்தில் நின்றிருந்தால் அவள் மனம் எவ்வளவு ஆறியிருக்கும். கால் எழவில்லை. மெழுகுதிரி விற்பவனுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அக்கா தம்பியின் பெயரைச் சொல்லிக் கும்பிடுவது வெளியே கேட்டது. என் தம்பி எனக்குச் செத்தது அந்த வாசலில்தான்.