அஞ்சாம் தேதி மெசேஜ்

வீட்டுக்கடன் கவுண்டருக்கு வருகிறவர்கள் இரண்டே ரகம்: கடன் கிடைக்கவில்லையே என்று அழுகிறவர்கள், கிடைத்துத் தொலைத்துவிட்டதே என்று அழுகிறவர்கள். தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் பதினோரு வருஷமாக அந்த இரண்டு அழுகையையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "கையில கொஞ்சம் ரூவா சேந்திருக்கு மேடம், கடனை அடைச்சிரட்டுமா, இல்ல வச்சுக்கிடட்டுமா?" இந்தக் கேள்வி என் காதில் விழாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாதத் தவணை கட்டும் என் சக பாவிகளே, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் சொந்த வீட்டில் திருதிருவென்று முழித்த கதையும் இதில் வருகிறது. சிரிக்கக் கூடாது.

கரையில் நிற்கும் வீடு

ரோச் அண்ணன் பெரியதாழைக்காரர். இங்கே மீன்பிடித் துறைமுகத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். ஒரு வருஷம் கடல் அள்ளிக் கொடுத்தது. சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மனைவியோடு வந்து நின்றார். கணக்கில் நாலு லட்சம் இருந்தது, கடன் பாக்கியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "மொத்தத்தையும் எடுத்து அடைச்சிருங்க" என்றார்.

"அண்ணே, நாளைக் கழிச்சு மீன்பிடித் தடைக்காலம். ரெண்டு மாசம் படகு இறங்காது. படகைக் கரையேத்தி மராமத்து பாக்கிறதும் அப்பதானே? கையில கொஞ்சம் வச்சுக்கிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கடல்காரருக்கே கடல் பாடம் எடுத்தால் கேட்பாரா? "அதெல்லாம் மாதா பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டார். பத்திரம் கைக்கு வந்த அன்று இரண்டு பேரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே மாசம் நகைக்கடன் கவுண்டரில் ரோச் அண்ணன் மனைவியின் ரெட்டைவடச் சங்கிலி தராசில் கிடந்தது. எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு மெக்கானிக் முன்பணம் கேட்கிறானாம். அடைத்த கடனைவிட அதிக வட்டிக்குப் புதுக் கடன்! எனக்கு வயிறு எரிந்தது. அண்ணனுக்கு எரியவில்லை போலிருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன செய்ய மேடம்? வீடும் கரையில நிக்கு, படகும் கரையில நிக்கு, நடுவுல நாங்களும் நிக்கோம்."

நாற்பது கையெழுத்து

சாத்தான்குளத்து மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் இதற்கு நேர் எதிர். நடப்புக் கணக்கில் எப்போதும் ரூபாய் நிறைந்து கிடக்கும். வீட்டுக்கடனும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "அண்ணாச்சி, இதுல பாதியை எடுத்துக் கடன்ல போட்டா வட்டி எவ்வளவு மிச்சம் தெரியுமா? ஒரே ஒரு கையெழுத்துதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பருப்பு விலை இறங்கினால் மறுநாளே லாரி பிடிக்க வேண்டும், அன்றைக்கு ரூபாய் கையில் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அதைவிட அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "உங்ககிட்ட வாங்கதுக்கு நாப்பது கையெழுத்து போட்டேம்மா. திருப்பிக் குடுக்க ஒண்ணு போதும்னு சொல்லும்போதே யோசிக்க வேண்டாமா?"

என் வீட்டு வாடிக்கையாளர்

இந்த இரண்டு கதையையும் நான் அதிகம் சொன்னது என் வீட்டுக்காரர் செல்வினிடம். துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக்கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். போன வருஷம் அதை மூடிவிட்டார்கள். கணக்குத் தீர்த்து ஒன்பது லட்சம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கடனில் பாக்கி எட்டு லட்சத்துச் சொச்சம். கடன் அவர் பெயரில், நான் இணைக் கடன்தாரர். "அடைச்சிருவோம் ஏளா" என்றார், வந்த அன்றைக்கே.

விடுவேனா? வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, மகள் கல்லூரியில் இருக்கிறாள், ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிக்கொண்டா வரும்? ரோச் அண்ணன் கதையைச் சொன்னேன், அண்ணாச்சி கதையைச் சொன்னேன், தாளில் வட்டிக் கணக்குப் போட்டும் காட்டினேன். இன்னொரு காரியமும் செய்திருந்தேன். அதுவரை அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்த தவணையை என் சம்பளக் கணக்குக்கு மாற்றியிருந்தேன். என் கிளையிலேயே மூன்று நிமிஷ வேலை. படிவத்தை நீட்டியதும் அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பாவம், இந்த நேரத்தில் அவருக்கு ஏன் இந்தப் பாரம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

நான் பேசி முடிக்கும்வரை மனுஷன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இன்னும் ஏதாச்சும் கேக்கணும்னா டோக்கன் எடுத்துட்டு வரணுமா, மேடம்?"

கம்ப்யூட்டரில் வராதது

முத்துலட்சுமி அக்கா பழைய பஸ் நிலையம் பக்கம் இட்லிக்கடை நடத்துகிறார். மாதத் தவணைக்கு மேலே ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கட்டுவார். ஒரு நாள் வழக்கம்போல ஆரம்பித்தேன். கையில் வைத்தால் இவ்வளவு வட்டி வரும், கடனில் போட்டால் இவ்வளவு மிச்சம், வித்தியாசம் கொஞ்சம்தான் என்று திரையைத் திருப்பியே காட்டினேன். அக்கா மரியாதையாகப் பார்த்தார். கணக்கு சரிதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வட்டி எம்புட்டுன்னு இதுல வருது. இந்தக் கடன் என்னைய எத்தனை மணிக்கு எழுப்பிவிடுதுன்னு இதுல வருமா?"

டோக்கன் எண் பதினேழு

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "என்னங்க, அடைச்சிருவோம். நீங்க நிம்மதியா இருந்தாப் போதும்." ஆறு மாசமாகக் கேட்டதைக் கொடுக்கிறேன், துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால் வேண்டாம் என்கிறார்! "நீ சொன்னதுதான் சரி. அந்த ரூவா கிடக்கட்டும்" என்றார்.

பிறகு ஏன் ஆறு மாசமாக முகம் அப்படி இருக்கிறது என்று சண்டைக்கே போய்விட்டேன். அப்போதுதான் சொன்னார்: "கடன் இருந்துட்டுப் போகுது. அஞ்சாம் தேதி தவணை புடிச்ச மெசேஜ் உன் போன்ல வருது. வந்த உடனே நீ போனைக் கவுத்து வைக்க. என் மூஞ்சியப் பாக்க மாட்டுக்க. அதான் எனக்குத் தாங்கல."

அவருக்கு வலிக்கக் கூடாது என்றுதான் கவிழ்த்து வைத்தேன். வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடனை அடைக்கத் துடித்தவர் வீட்டை மீட்க நினைக்கவில்லை, அந்த மெசேஜை நிறுத்த நினைத்திருக்கிறார்.

மறுநாள் செல்வின் எங்கள் கிளைக்கு வந்தார். டோக்கன் பதினேழு. வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் என் எதிரே அமர்ந்தார். "சொல்லுங்க சார்" என்றேன். ஒன்பது லட்சத்தில் ஒரு வருஷத் தவணை அவர் சேமிப்புக் கணக்கில், மீதி டெபாசிட்டில். தவணை இனி அவர் கணக்கிலிருந்து. இந்த முறை படிவத்தை வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வேலை இன்னும் அமையவில்லை. அலைந்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் அடுத்த ஐந்தாம் தேதி காலையில் நான் அடுக்களையில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏளா, புடிச்சிட்டான் பாத்தியா, என் கணக்குலதான்!"

பதினோரு வருஷமாக வந்தவர்களுக்கெல்லாம் வட்டி விகிதம் சொன்னேனே தவிர, மெசேஜ் யார் போனுக்கு வருகிறது என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை, எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.