ஓடுற வீடும் ஒரு கான் தண்ணியும்

எங்கள் வீட்டுக்கு ஆறு சில்லு. உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, சுவரோடு மடிக்கிற மேசை, பிள்ளைகள் இரண்டு பேரும் படுக்க ஒரு பலகை. பழைய சின்ன பஸ் ஒன்றின் சீட்டுகளைக் கழற்றி விற்றுவிட்டு என் மனிசன் தன் கையால் செய்தது. புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் எங்கள் சனம் அதை 'ஓடுற வீடு' என்று சொல்லிப் பகிடி பண்ணும். பகிடி பண்ணுகிற ஒருவரும் அதற்கு டீசல் அடிப்பதில்லை.

ஏன் இந்தக் கூத்து என்றால், மனிசனின் வாப்பாவுடைய காணி மன்னார்ப் பக்கம் கிடக்கிறது. யுத்தத்தோடு எல்லோரும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த இடம். நான் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். எனக்கு அந்த ஊர் மேல் ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்களிடம் இருப்பது அந்தக் காணி மட்டும்தான். ஆள் குடியிருக்காவிட்டால் காணிப் பெர்மிட் நிற்காது என்று காணி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே வீடு கட்ட வசதியில்லை. அதனால் மாதா மாதம் வீட்டையே ஓட்டிக்கொண்டு போவோம். இரண்டு மூன்று நாள் அங்கே விளக்கு எரித்து, சோறாக்கி, உடுப்புக் காயப்போட்டு, நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டுத் திரும்புவோம். ஒரு மாதம் தவறினாலும் காணி கைவிட்டுப் போய்விடும் என்று மனிசனுக்கும் பயம், எனக்கும் பயம்.

காட்டுப் பாதையால் போனால் பக்கம்தான். அது வாகனத்துக்கு மூடிக் கிடக்கிறது. ஆகவே வண்ணாத்திவில்லு, புத்தளம், நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று மூக்கைச் சுற்றித் தொடுகிற பயணம். மாதக் கடைசியில் டீசல் விலை மாறும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. விலை ஏறினால் முதலில் மீன் நிற்கும், பிறகு பிள்ளைகளின் பால்மா. ஒரு பயணத்துக்கு டீசல் அடித்த வாரத்தில் நாங்கள் பருப்பும் சம்பலுமாகத்தான் இருப்போம்.

மனிசன் ஓட்டுவதைப் பார்த்தால் வண்டியில் முட்டை ஏற்றியிருக்கிறார் என்று நினைப்பீர்கள். சட்டென்று மிதிக்க மாட்டார், சட்டென்று பிரேக் போடவும் மாட்டார். காற்று இழுக்கும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிடுவார். உள்ளே வெந்து போவோம். நான் றோட்டைப் பார்ப்பதில்லை. டீசல் முள்ளைத்தான் பார்ப்பேன்.

போகும்போது லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஓடும். அதே வண்டி, அதே றோட்டு, வரும்போது ஏழு கிலோமீற்றர்கூட ஓடாது. மனிசன் கராஜில் பம்பைப் பார்க்கச் சொன்னார், பில்டரை மாற்றினார், டயருக்குக் காற்று அடித்தார். எனக்கு முதலே தெரியும். அவருக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

எல்லாம் தண்ணீரால் வந்த வினை. கரைத்தீவில் எங்கள் பக்கத்துத் தண்ணீர் உவர். மனிசனின் காணியில் ஒரு கிணறு இருக்கிறது, கற்கண்டு மாதிரித் தண்ணீர். எங்களைச் சுற்றியிருக்கிற சனமெல்லாம் அந்த ஊரால் வந்த சனம். நாங்கள் வெளிக்கிடுகிற அன்று காலையிலேயே ஒவ்வொருவராகத் தண்ணீர் பிடிக்க வெறும் பிளாஸ்டிக் கானைக் கொண்டுவந்து பஸ் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வாய் திறந்து கேட்பதும் இல்லை. 'நம்மட கிணத்துத் தண்ணி' என்று வந்துவிட்டால் அதற்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. வரும்போது கட்டிலுக்குக் கீழே, பலகைக்குக் கீழே, பிள்ளைகளின் காலடியில் எல்லாம் நிரம்பிய கான். டீசல் தின்னாமல் என்ன செய்யும்?

அதில் ஒரு கானின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது பக்கத்து வீட்டு ராத்தாவுடையது. அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் என் மனிசனின் வாப்பாவும் ராத்தாவின் மௌத்தான மனிசனும். ராத்தாவுக்கும் அங்கே காணி இருந்தது. மனிசன் கண்ணை மூடிய பிறகு போய் நிற்க ஆளில்லாமல் அது கைவிட்டுப் போய்விட்டது. நாங்கள் கொண்டுவரும் தண்ணீரில் பின்னேரத்தில் ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். அந்தக் கானை மாதம் முழுக்க வைத்துக் குடிப்பார்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துகொண்டிருந்தோம். நொச்சியாகமவில் பெற்றோல் செட் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தாலும் கையில் ஒன்றும் இல்லை. கலா ஓயாப் பாலம் தாண்ட முள் சிவப்புக்கு வந்துவிட்டது. எதிர்க்காற்று வேறு முகத்தில் அறைகிறது. இரண்டு பக்கமும் காடு, பொழுது சாய்கிறது, யானை இறங்குகிற நேரம். பின்னால் பிள்ளைகள் நித்திரை.

நிறுத்தச் சொன்னேன். தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். மனிசன் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"சனத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?"

"இந்தப் புள்ளைகளுக்கு ஒண்டு நடந்தா எனக்கு என்ன மறுமொழி சொல்லுவீங்க?"

இறங்கினார். முதலில் எங்கள் கானைத்தான் கொட்டினார். பிறகு ஒவ்வொன்றாக. நான் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புத் துணிக் கானை மட்டும் தூக்கியவர் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டார். புத்தளம் வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. அங்கே தெரிந்த கடையில் கடனுக்கு இரண்டு லீற்றர் வாங்கி ஊர் வந்து சேர்ந்தோம்.

விடிந்ததும் ராத்தா கானை எடுக்க வந்தார். மற்ற வெறுங்கான்களைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். எனக்கு இரவு முழுக்க அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது. டீசலைச் சொன்னேன், யானைக் காட்டைச் சொன்னேன், பிள்ளைகளின் பால்மாவைச் சொன்னேன்.

"இப்பிடியே தண்ணி சுமந்தா இன்னும் ரெண்டு மாசம்தான் ராத்தா. பொறகு எங்களால போக ஏலாது. காணியும் இல்ல, கிணறும் இல்ல."

ராத்தா கானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொன்னதற்கு நான் வருத்தப்படவும் இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன்.

அடுத்த மாதம் விலை இன்னும் ஏறியது. வெளிக்கிடுகிற அன்று காலையில் மனிசன் டாங்கி மூடியைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, நொச்சியாகம வரைக்கும் போகலாம், மிச்சத்தை அங்கே பார்ப்போம் என்றார். எதை வைத்துப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பயணம் நின்றுவிடும். வாசலில் ஒரு கானும் இல்லை. கதை ஊருக்கே போயிருக்கிறது என்று விளங்கியது.

பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணும் நேரம் ராத்தா வந்தார். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, கானைச் சுமந்துகொண்டு வந்தார். அந்தக் கான்தான். கைப்பிடியில் சிவப்புத் துணி இல்லை. கொண்டுவந்து படியில் வைத்ததும் டீசல் மணந்தது.

"ஊத்திக்கிட்டுப் போங்க. காணி நிக்கட்டும்."

மனிசன் புனல் வைத்து ஊற்றினார். கடைசிச் சொட்டு வடியும் வரைக்கும் கானைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டீசல் பட்ட கானை எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அதில் குடிதண்ணீர் எடுக்க முடியாது. அது ராத்தாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

நான் வெறுங்கானை நீட்டினேன். ராத்தா அதை வாங்கவில்லை.