பதினோரு பேருக்கு ஒரே ரத்தம்

மானேஜரின் கார் டிரைவருக்குத் தன் ரத்தத்தின்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. சும்மா வந்த கர்வமில்லை, கம்பெனியே ஊட்டி வளர்த்த கர்வம்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலைத் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஈயம் அளவுக்கு மிஞ்சியிருந்தால் அந்த ஆளை உலைப்பக்கமே விடக்கூடாது. பல பேருக்கு மிஞ்சியிருந்தால் உலையையே நிறுத்தவேண்டும். நிறுத்த மனசு வருமா அவர்களுக்கு? புகைபோக்கியின் வடிகட்டிப் பை கிழிந்து இரண்டு வருஷமாகியும் மாற்ற மனசு வராத மகராசர்கள். மதிலுக்கு வெளியே காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அக்கம்பக்கத்து வீடுகள் அந்த மண்ணில்தான் காய்கறி போட்டுத் தின்றன.

ஆகவே, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி காரில் ஊர் சுற்றுகிற டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பர்சனல் ஆபீசர் தோளில் கை போட்டார்.

"உன் ரத்தம் சுத்தமா இருக்குப்பா. உலையில நிக்கிற பதினோரு பேருக்கும் ஈயம் அளவு ஏறிடுச்சுன்னா வேலை போயிடும். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க. நீ கொஞ்சம் குடுத்தா பதினோரு குடும்பம் பிழைக்கும்."

டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் கார்ச் சாவியைத் தவிர வேறெதையும் நம்பிக் கொடுத்ததில்லை. இடது கையில் ஆறு குழாய், வலது கையில் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலாளியின் பெயர் ஒட்டியிருக்கும். உலைக்காரர்களிடமும் பேருக்கு ரத்தம் எடுப்பார்கள். அது கை கழுவும் தொட்டியில் போய்விடும். பதினோரு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வருகிறதே, யாருக்கும் சந்தேகம் வராதா என்று கேட்கலாம். சந்தேகப்படுகிற ஆள் கண்ணில் அந்த அறிக்கையைக் காட்டினால்தானே!

இப்படி ரத்தம் கொடுக்கத் தொடங்கி மூன்றாம் வருஷம், மனைவியின் தம்பி வேலையில்லாமல் திண்டாடியபோது, டிரைவரே மானேஜரிடம் சொல்லி அவனை உலையில் சேர்த்துவிட்டார். அடுத்த பரிசோதனையில் ஒரு குழாயில் அவன் பெயர்.

"சிஸ்டர், இதுல மட்டும் தாராளமா எடுங்க. நம்ம வீட்டுப் பையன்" என்று சிரித்தார். நர்ஸும் சிரித்தாள்.

மச்சினன் நல்லவன், கொஞ்சம் சோம்பேறி. தொழிற்சாலைக் குளியலறையில் தண்ணீர் வருவதுமில்லை. வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து, ஓடிவரும் இரண்டு வயது மகளை அப்படியே தூக்கிக்கொள்வான். முதலில் அவன் மனைவி சண்டை போட்டாள். கம்பெனியில் காட்டிய தன் பேர் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வந்து காட்டினான். "பாத்தியா? ஒண்ணுமே இல்லை. நீதான் சும்மா பயந்து சாகறே." அன்றோடு அவள் சண்டையை நிறுத்திவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து அவனுக்கு ஓயாத வயிற்று வலி. மணிக்கட்டு தொங்கிப்போனது. ஈயமாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பெருமையாக ரிப்போர்ட்டை நீட்டினான். அப்படியானால் ஈயமில்லை என்று நாலு மாதம் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். டிரைவர் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. சொன்னால் தன் வேலையும் போகும் அவன் வேலையும் போகும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தார். அந்தப் பழத்தை அவரே தின்றிருக்கலாம்.

பிறகு குழந்தை. பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒவ்வொரு சொல்லாக விட்டது. ஒருநாள் வலிப்பு வந்தது. டிரைவரும் கூடப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் அதன் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈயம் இருக்கக்கூடிய அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

டாக்டரம்மா குழம்பிப் போனாள். "உலையில நிக்கிற அப்பாவுக்குச் சுத்தமா இருக்கு, குழந்தைக்கு எங்கேருந்து வந்தது? பொம்மைச் சாயமா இருக்கலாம். அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மருந்து ஏத்தி முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதே வீட்டுக்கு, அதே உடுப்புக்கு. டிரைவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"டாக்டர், அந்த ரிப்போர்ட்ல இருக்கறது அவன் ரத்தம் இல்லை. என்னோடது."

முழுவதையும் சொன்னார். டாக்டரம்மா உடனே மச்சினனை ரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்பினாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவனுடைய சொந்த ரத்தம் சோதனைக்குப் போனது.

வெளியே பெஞ்சில் அவன் மனைவி குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். டிரைவர் அருகில் போய் நின்றார். குழந்தையைப் பார்க்க முடியவில்லை.

"நல்லது செய்றேன்னு நெனச்சுதான்மா குடுத்தேன்."

அவள் அழவில்லை. குழந்தையின் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள்.

"அப்போ இவ பேருக்கும் ஒரு குழாய் குடுத்துட்டுப் போங்கண்ணே. ரிப்போர்ட்டாவது நல்லா வரட்டும்."