டபுள் ஸ்டோரி வீடு

எங்கள் சித்தப்பா பெண் பார்க்க ராமநாதபுரம் போனபோது, போர்ட் பிளேரில் தமக்கு ‘டபுள் ஸ்டோரி’ வீடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். இருந்ததோ ஜங்லிகாட் சரிவில் தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடு. அதிலும் பாதியில் நாங்கள் இருந்தோம்.

கல்யாணம் முடிந்து, கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்த சித்தி, வாசலில் பெட்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“மாடி எங்க?”

சித்தப்பாவும் அண்ணாந்து பார்த்தார். கூரை அவரைக் காப்பாற்றவில்லை.

அதன்பின் சித்தி அவரோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், “ஊருக்கு அடுத்த கப்பல் எப்பக்கா?” என்று கேட்பாள்.

“ஜஹாஜ் வர நாளாகும். மொதல்ல ஒரு வாய் சாப்பிடு” என்பாள் அம்மா, சித்தியின் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே.

என் ஆங்கிலப் பாடத்தில் ஸ்டோரி என்றால் கதை. இதற்கா இவ்வளவு அழுகை என்று நானே சமாதானம் பேசப் போனேன்.

“சித்தப்பா சொன்னது நெசம்தான் சித்தி. அவருக்கு ரெண்டு கதை தெரியும்.”

சித்தி வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் ஹைஸ்கூல் படித்தவள்.

“கதைக்கும் மாடிக்கும் இங்கிலீஷ்ல ஒரே பேருதான்டி. ஹிஸ்டரிங்கிறதும் அதே வேர்தான். அந்தக் காலத்துல வீட்டு முகப்புல ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வரிசையா கதைப் படம் வரைவாங்களாம். அதனாலதான் மாடிக்கும் அந்தப் பேரு வந்துச்சுன்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க. நெசமோ என்னமோ.”

மறுநாள் சுண்ணாம்பைக் குழைத்து, முன்பக்கப் பலகைச் சுவரில் அவள் வரைய ஆரம்பித்தாள். கீழ்வரிசையில் கப்பல், வாளியில் தலையைக் கவிழ்த்திருக்கும் ஒரு பெண், பெட்டிக்குப் பின்னால் ஒளிந்த ஒரு குள்ள மனிதன். அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் வந்து வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மரம் அறுக்கும் மில்லில் வேலை முடிந்து வந்த சித்தப்பா வெகுநேரம் பார்த்தார். “போகணும்னா டிக்கெட் எடுத்துத் தரேன்” என்றார் மெதுவாக. பிறகு, “நான் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கேன்?”

“சொன்ன பொய்க்கு அவ்வளவு உயரம்தான்” என்றாள் சித்தி.

கப்பல் வந்தது, போனது. சித்தி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

சுவரில் மேல்வரிசைக்குக் கோடு மட்டும் போட்டு, உள்ளே வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அது இனிமேதான்டி நடக்கணும்” என்றாள். எனக்கோ சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்றுதான் பட்டது. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு கேட்டு வாங்கிவந்து நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஏன் என் தலையை அவ்வளவு நேரம் தடவினாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.